தீர்ப்பு அமெரிக்காவில், பத்திரம் சென்னையில்

ஆசிரியருக்கு வணக்கம்.

வெளிநாட்டில் விவாகரத்து பெற்ற தம்பதியர் பலர், 'சென்னை ஃப்ளாட் மனைவிக்கு' என்று அங்குள்ள நீதிமன்றம் சொல்லிவிட்டதால் வீடு கைமாறிவிட்டதாகவே நம்புகிறார்கள். வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தால் இருவர் பெயரும் அப்படியே நிற்கும். அசையாச் சொத்து வழக்கை அந்தச் சொத்து இருக்கும் எல்லைக்குட்பட்ட நீதிமன்றத்தில்தான் தொடுக்க வேண்டும் என்பது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 16-வது பிரிவு. பிரிட்டன், சிங்கப்பூர் தீர்ப்புகளை அதே சட்டத்தின் 44ஏ பிரிவின்படி இங்கே நிறைவேற்றலாம் என்றாலும், பணம் கொடுக்கச் சொல்லும் தீர்ப்புக்கு மட்டுமே அது பொருந்தும். அமெரிக்கா அந்த நாடுகளின் பட்டியலிலேயே இல்லை. ஆக, இருவரும் ஒத்துக்கொண்டால் இங்கே ஒரு பத்திரம் பதிவாக வேண்டும். ஒருவர் மறுத்தால் இங்கே வழக்குப் போட வேண்டும்.

அந்தப் பத்திரத்தை எப்போது பதிவது என்பதில்தான் லட்சக்கணக்கில் வித்தியாசம். குடும்ப உறுப்பினருக்கு விலை வாங்காமல் எழுதிக்கொடுக்கும் செட்டில்மெண்ட் பத்திரத்துக்குத் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், உச்சவரம்பு 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சவரம்பு 10,000 (2023 ஜூலையில் உயர்த்தப்பட்டவை). வழிகாட்டி மதிப்பு (அரசு நிர்ணயிக்கும் மதிப்பு) 80 லட்சம் உள்ள ஃப்ளாட்டில் பாதிப் பங்குக்கு மொத்தம் 50,000 ரூபாயில் வேலை முடியும். ஆனால் 'குடும்பம்' என்ற விளக்கத்தில் கணவன், மனைவி உண்டு, முன்னாள் கணவன், மனைவி இல்லை. விவாகரத்து இறுதியான மறுநாளே அதே பங்குக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், அதாவது 2,80,000 ரூபாய். பதிவுக் கட்டணம் தனி.

வருமான வரியிலும் இதே பொறி இருக்கிறது. உறவினர் அல்லாதவரிடமிருந்து 50,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள வீட்டை இலவசமாகப் பெற்றால் அது பெற்றவரின் வருமானம். பிரிந்த பிறகு 'இயற்கையான அன்பினாலும் பாசத்தினாலும்' என்ற வழக்கமான வாசகத்தோடு எழுதி வாங்குவது வரித்துறை நோட்டீஸுக்கு நாமே வழிவிடுவதுதான் (அந்த வாசகத்தை இருவரும் எந்த முகத்தோடு படிப்பார்கள் என்பது வேறு விஷயம்!). பங்குக்கு ஈடாகப் பணம் கொடுத்தால் அது விற்பனைபோல ஆகிவிடும். பணம் பெறுபவர் என்.ஆர்.ஐ. என்றால், கொடுப்பவர் வரியைப் பிடித்துக் கட்ட வேண்டும். பலரும் எண்ணும் 1 சதவீதம் உள்நாட்டில் வசிக்கும் விற்பனையாளருக்கான விகிதம்.

எனவே சொத்தை யாருக்கு என்று தம்பதியர் முடிவு செய்யும் உடன்படிக்கை கையெழுத்தானதும், இறுதித் தீர்ப்புக்கு முன்பே, இங்கே பதிவை முடித்துவிடுவது நல்லது. நேரில் வர முடியாதவர், தன் சார்பில் வேறொருவர் கையெழுத்திட அதிகாரம் தரும் பவர் பத்திரம் அனுப்பலாம். இந்தியத் தூதரக அதிகாரி அல்லது அங்குள்ள நோட்டரி முன் அதில் கையெழுத்திட வேண்டும். அந்தப் பவர் இந்தியா வந்து சேர்ந்த 3 மாதங்களுக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். வந்த தேதிக்குச் சாட்சியாக கூரியர் உறையைப் பத்திரப்படுத்துங்கள். பவரை எதிர்த் தரப்பின் பெயரிலேயே கொடுக்காமல், தன் பெற்றோர் அல்லது உடன்பிறந்தவருக்குக் கொடுப்பதே பாதுகாப்பு. ஃப்ளாட் எண், பிரிக்கப்படாத மனைப் பங்கு (அடுக்ககத்தின் நிலத்தில் அந்த ஃப்ளாட்டுக்குள்ள பங்கு), மூலப்பத்திர எண், எழுதிக்கொடுத்துப் பதிவு செய்யும் அதிகாரம் எல்லாம் அதில் குறிப்பாக இருக்க வேண்டும்.

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது பெயரில். மூலப்பத்திரத்தில் இனிஷியலோடு ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் கணவர் பெயரைச் சேர்த்து இன்னொன்று என்றிருந்தால் சார்பதிவாளர் திருப்பி அனுப்பிவிடுவார். இரண்டும் ஒருவரே என்று பவரிலும் பத்திரத்திலும் எழுதிவிட வேண்டும்.

வீட்டுக் கடன் பாக்கி இருந்தால் முதலில் வங்கிக்குப் போங்கள். அசல் பத்திரம் அவர்களிடம்தான் இருக்கும், தடையில்லாச் சான்றும் வேண்டும். பங்கை எழுதிக்கொடுத்துவிட்டதால் கூட்டுக் கடனாளி என்ற பொறுப்பு தீர்ந்துவிடாது. மீதமிருப்பவரின் வருமானம் போதும் என்று வங்கி ஏற்று, கடனைத் தனியாக அவர் பெயருக்கு மாற்றினால்தான் விடுதலை. சொத்து வரி, மின் இணைப்புப் பெயர் மாற்றங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இங்கிலாந்தில் விவாகரத்து உத்தரவின்படி கணவன், மனைவிக்குள் நடக்கும் வீட்டு மாற்றத்துக்கு முத்திரைத் தீர்வை கிடையாது. அமெரிக்காவில் மணமுறிவுக்குப் பின் ஓராண்டுக்குள் நடக்கும் மாற்றத்துக்கு ஆதாய வரி இல்லை. தமிழகப் பதிவுத்துறையும், விவாகரத்துத் தீர்ப்பு வந்த ஓராண்டுக்குள் முன்னாள் துணைக்கு எழுதிக்கொடுக்கும் பத்திரத்துக்கு அதே 1 சதவீதச் சலுகையை நீட்டிக்க வேண்டும்.

வழக்கறிஞர்,
சென்னை.