செத்த போலீஸ்காரரை மேடையில் ஏற்றாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ரவுடியைப் பிடிக்கப் போன போலீஸ்காரருக்கு அரிவாள் வெட்டு என்று செய்தி வந்தால் போதும், மறுநாளே ஒரு கட்சி 'சட்டம் ஒழுங்கு சந்தி சிரிக்கிறது' என்கிறது, இன்னொரு கட்சி 'உங்கள் ஆட்சியில் நடக்காததா' என்று பழைய கணக்கைத் தூக்கிக்கொண்டு வருகிறது. வெட்டுப்பட்டவர் எந்த ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று மூன்றாம் நாள் கேட்க ஆள் இல்லை. தேர்தல் நெருங்கினால் இது இன்னும் கூடுகிறது. நான் பென்னாகரத்துக்காரி, எனக்கு இதைச் சகிக்க முடியவில்லை.

1993 ஏப்ரல் 9 அன்று பாலாறு பக்கம் வீரப்பன் கும்பல் வைத்த கண்ணிவெடியில் போலீசார், வனத்துறையினர், துப்பு சொல்லக் கூடப் போனவர்கள் என்று 22 பேர் செத்தார்கள். என் அம்மாவின் தம்பி அப்போது போலீஸில் இருந்தார். காட்டுப் பக்கம் டியூட்டி என்பது மட்டும்தான் வீட்டுக்குத் தெரியும். அத்தை கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் நின்று, மேட்டூரிலிருந்து வந்த ஒவ்வொரு பஸ் கண்டக்டரிடமும் "பேரு ஏதாச்சும் சொன்னாங்களாங்க?" என்று கேட்டார். கூட நின்ற எனக்கு அப்போது பள்ளிக்கூட வயது, குழந்தைக்கு வாங்கிய பன் என் கையிலேயே நசுங்கிப் போனது இன்னும் நினைவிருக்கிறது. மாமா நான்காம் நாள் வந்தார். யாரிடமும் பேசவில்லை, பூட்ஸைக்கூடக் கழற்றாமல் திண்ணையில் படுத்துத் தூங்கிவிட்டார்.

அதற்கு முந்தைய வருஷம்தான் எங்கள் தருமபுரி மாவட்டத்திலேயே வாச்சாத்தி என்ற ஊரில் அந்தக் கொடுமை நடந்தது. சந்தன மரம் தேடுகிறோம் என்று வந்த அரசாங்க ஆட்கள் 18 பெண்களைச் சீரழித்தார்கள், ஊரையே சூறையாடினார்கள். 269 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வர 2011 ஆனது, ஐகோர்ட் அதை உறுதி செய்ய 2023 ஆனது. அப்புறம் வீரப்பனைத் தேடுகிறோம் என்று அதிரடிப்படை கூட்டிப் போய் அடித்தவர்களின் கதைகளும் காட்டோர ஊர்களில் இருக்கின்றன. கும்பல் போலீஸை அடித்தால் அந்த அடி கடைசியில் யார் முதுகில் இறங்கும் என்று எங்கள் பக்கத்தில் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

2004 அக்டோபர் 18 ராத்திரி பாப்பாரப்பட்டி கிட்டே வீரப்பன் சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த தேர்தல் இதை வைத்தே முடிந்துவிட்டது என்று எங்கள் ஊர் டீக்கடையில் பேசினார்கள். 2006 மே 11 ஓட்டு எண்ணியபோது ஆட்சியே மாறிவிட்டது. ஜனங்கள் ரெண்டு ரூபாய் அரிசியைப் பேசினார்கள், கலர் டிவியைப் பேசினார்கள்.

அதற்கு மறுநாள், மே 12, பிரேசிலில் சாவோ பாலோ மாநிலத்தில் பி.சி.சி. என்ற சிறைக் கும்பல், தன் தலைவர்களை வேறு சிறைக்கு மாற்றியதற்காக ஸ்டேஷன்களையும் தெருவில் நின்ற போலீஸையும் தாக்க ஆரம்பித்தது. போலீசாரும் சிறைக் காவலர்களுமாக 40 பேருக்கு மேல் செத்தார்கள். போலீஸ் பதிலடியும் சேர்ந்து பத்து நாளுக்குள் மொத்தச் சாவு 500-ஐத் தாண்டியது, அதில் பெரும்பாலும் நகரத்து ஓரத்து ஏழைப் பையன்கள். மார்ச் வரை அங்கே கவர்னராக இருந்த அல்க்மின் அந்த வருஷம் ஜனாதிபதி தேர்தலில் அப்போதைய ஜனாதிபதி லூலாவை எதிர்த்து நின்றார், அவர் ஆட்சியில்தான் கும்பல் வளர்ந்தது என்று எதிர்ப்பக்கம் பேசியது. நாட்டளவில் லூலா ஜெயித்தார், சரி. ஆனால் சாவோ பாலோவில் மட்டும் அல்க்மினுக்குத்தான் அதிக ஓட்டு, அவர் கட்சிக்காரர் செர்ரா முதல் சுற்றிலேயே கவர்னரும் ஆனார். இன்றைக்கு லூலாவுக்குத் துணை ஜனாதிபதியாக இருப்பவர் அதே அல்க்மின்! அந்தப் பையன்களின் அம்மாக்கள் 'மே மாதத்துத் தாய்மார்கள்' என்று சேர்ந்து இத்தனை வருஷமாக நியாயம் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதைப் படித்தபோது எனக்கு வாச்சாத்திப் பெண்கள்தான் கண்ணில் நின்றார்கள்.

எங்களிடம் ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் நான் கேட்பது இதுதான். ஸ்டேஷன் பொறுப்பில் இருப்பவரைக் குறைந்தது 2 வருஷம் மாற்றக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட் அதே 2006 செப்டம்பரில் சொன்னது. உங்கள் ஆளைக் கைது செய்த இன்ஸ்பெக்டரை மாற்றச் சொல்லி போன் போட மாட்டேன் என்று மைக்கில் சொல்வீர்களா? போலீஸ் மீதான புகாரை விசாரிக்கும் அமைப்புக்கு ஓய்வுபெற்ற நீதிபதி தலைவராக இருக்க வேண்டும் என்றது அதே தீர்ப்பு, நம் மாநிலத்தின் 2013 சட்டம் உள்துறைச் செயலாளரையே உட்கார வைத்தது. அதை மாற்றுவீர்களா? போன தேர்தலில் எங்கள் தெருவுக்கு ஓட்டுக் கேட்டு வந்த ஒருவருக்குப் பக்கத்தில் சால்வையோடு நின்றவர் மேல் அடிதடி கேஸ் இருப்பது எங்கள் தெருவுக்கே தெரியும். அந்த ஆளைக் கூட்டிக்கொண்டு அத்தை வீட்டு வாசலிலும் வந்து நின்றார்கள். உள்ளே கூடத்தில் மாமாவின் போட்டோ காக்கிச் சட்டையோடு மாட்டியிருக்கிறது. அத்தை வெளியே வரவே இல்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பென்னாகரம், தருமபுரி மாவட்டம்