கடலை ரசிக்கக் கப்பலேறியவர்கள் யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த ‘கப்பல்களின் பொற்காலம்’ கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை ஆசையாக. அட்லாண்டிக் கடலில் ஓடிய குவீன் மேரி, நார்மண்டி கப்பல்கள், நடன மண்டபம், வெள்ளிக் கரண்டி, கேப்டனோடு ஒரே மேஜையில் விருந்து என்று எல்லாம் வழவழத் தாளில் பளிச்சென்று இருந்தது. இரண்டாவது தடவை படித்தது ஒரே ஒரு வாக்கியத்துக்காக: “அந்நாளில் யாரும் அவசரத்துக்காகக் கப்பலேறவில்லை, கடலை ரசிக்கவே ஏறினார்கள்.”

அப்படியா? 1950களின் நடுவில் என் அம்மா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறினார். பினாங்கில் இருந்த அப்பாவிடமிருந்து பல மாதமாகக் கடிதமும் இல்லை, பணமும் இல்லை. காதுத் தோட்டை விற்று டிக்கெட் எடுத்து, என்னையும் தங்கையையும் இழுத்துக்கொண்டு புறப்பட்டார். (அப்பா அங்கே ஆஸ்பத்திரியில் கிடந்தார். அது வேறு கதை.) கடலை ரசித்தாரா என்றால், ரசித்திருக்கலாம், வாந்தி எடுக்காத நேரத்தில்.

நாகையில் அப்போதெல்லாம் கப்பல் கரைக்கு வராது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. தூரத்தில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். படகில் போய்த்தான் ஏற வேண்டும். அலை படகைத் தூக்குகிற நேரம் பார்த்து ஏணியில் கால் வைக்க வேண்டும், தப்பினால் படகு சரேலென்று கீழே இறங்கிவிடும். அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, தங்கையைப் படகுக்காரர் ஒருவர் கையில் கொடுத்துவிட்டுத் தாவினார். அவர் தங்கையை மேலே நீட்ட, ஏணியில் நின்றவர் அரிசி மூட்டையை வாங்குவதுபோல வாங்கி மேலே அனுப்பினார். தங்கை அழக்கூட மறந்துபோனாள்.

டெக்கில் முதலில் பாய் விரித்தவருக்கே இடம். இரண்டு டிரங்குப் பெட்டிகளை இரு பக்கமும் நிறுத்தி, நடுவில் பழைய புடவையைக் கட்டிவிட்டார் அம்மா. அதுதான் எங்கள் கேபின். இன்ஜின் எண்ணெய் வாசனையோடு யார் பெட்டியிலோ உடைந்த ஊறுகாய் ஜாடியின் வாசனையும் சேர்ந்துகொள்ளும். எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே படுத்திருப்போம். மணி அடித்தால் தட்டை எடுத்துக்கொண்டு வரிசைக்கு ஓட வேண்டும். நான் குறை சொல்லவில்லை. அந்தக் கப்பல் மேல் எனக்கு இன்றும் பாசம்தான். என் வருத்தமெல்லாம் உங்கள் கட்டுரை மேல்.

சரி, ரஜூலா சின்னக் கப்பல், உங்கள் வழவழத் தாளுக்கு லாயக்கில்லை என்றே வைத்துக்கொள்வோம். கணக்கையாவது பாருங்கள். குவீன் மேரி 80,000 டன்னுக்கு மேல். பயணிகள் சுமார் 2,000 பேர். 1926இல் கிளாஸ்கோவில் கட்டிய ரஜூலா 10,000 டன்கூட இல்லை. ஆரம்பத்தில் டெக்கில் மட்டும் 5,000 பேருக்கு மேல் ஏற்ற அனுமதி இருந்தது. பிற்பாடுதான் குறைத்தார்கள். 1973 வரை நம் கரைக்கும் மலாயாவுக்கும் இடையே ஓடிய அந்தக் கப்பலில் தோட்டத் தொழிலாளி, செட்டியார் கடைக் கணக்கப்பிள்ளை, நாகூர் வியாபாரி, கல்யாணமாகிப் போன பெண் என்று எத்தனை பேர்! இவர்களெல்லாம் எந்தக் காலத்தில் பயணம் செய்தார்களாம்?

உங்கள் அட்லாண்டிக் கப்பல்களுக்கே வருவோம். மேல்தளத்துக் கோமான்களை நம்பி மட்டும் எந்தக் கம்பெனியும் கப்பல் விடவில்லை. கீழ்த்தளத்தை நிரப்பிய இத்தாலிய, போலந்து ஏழைகளின் டிக்கெட் காசில்தான் அவற்றுக்கு முந்தைய தலைமுறைக் கப்பல்கள் ஓடின. நியூயார்க்கில் மேல்வகுப்பாருக்குக் கப்பலிலேயே சோதனை முடிந்துவிடும். அவர்கள் பாட்டுக்கு இறங்கிப் போகலாம். மூன்றாம் வகுப்பாரைத்தான், குடியேறிகளைச் சோதிக்கும் எல்லிஸ் தீவுக்குக் கொண்டுபோய், கண் நோய் இருக்கிறதா என்று இமையைப் புரட்டிப் பார்த்தார்கள். 1924 சட்டத்தால் அமெரிக்கா குடியேறிகளுக்குக் கதவைச் சாத்த, கீழ்த்தளம் காலியாகிவிட்டது. அப்புறம் அதே இடத்துக்குப் பெயின்ட் அடித்து ‘டூரிஸ்ட் தேர்ட்’ என்று பெயர் மாற்றி மாணவர்களையும் ஆசிரியர்களையும் வருந்தி அழைத்தார்கள். நார்மண்டியின் சாப்பாட்டுக்கூடம் 300 அடி நீளம் என்று அளந்து எழுதியவருக்கு இதெல்லாம் தெரியாமலா இருக்கும்? இடமில்லை என்பீர்கள். மெனு கார்டை முழுப் பக்கத்துக்குப் போட இடம் இருந்தது.

இது முதல் தடவையாக இருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். சில வருடங்களுக்கு முன் குவீன் மேரி படத்தைப் போட்டு, கீழே ‘டைட்டானிக்’ என்று அச்சிட்டீர்கள். டைட்டானிக்குக்கு நான்கு புகைபோக்கி, குவீன் மேரிக்கு மூன்று. விவரமாக எழுதினேன். கடிதத்தில் மற்றதையெல்லாம் வெட்டிவிட்டு, ‘அட்டைப்படம் அருமை’ என்ற வரியை மட்டும் என் பெயரோடு பிரசுரித்தீர்கள். மகிழ்ச்சி.

ஏப்ரல் வந்தால் தவறாமல் டைட்டானிக்குக்குத் திதி கொடுக்கிறீர்கள். 1985 பிப்ரவரியில் சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வந்துகொண்டிருந்த சிதம்பரம் கப்பலில் தீப்பிடித்து நம் ஜனங்கள் பலர் செத்தார்கள். அந்தக் கப்பலின் ஓட்டமும் அதோடு முடிந்தது. உங்கள் பிப்ரவரி இதழில் காதலர் தினம் தவிர வேறொன்றையும் நான் பார்த்ததில்லை. வ.உ.சி.க்கு நினைவு நாளில் ஒரு படம், நான்கு வரி. அவருடைய சுதேசிக் கப்பலோடு நடந்த தூத்துக்குடி–கொழும்பு போட்டியில் பிரிட்டிஷ் கம்பெனி கட்டணத்தை இறக்கி இறக்கி, கடைசியில் இலவசமாக ஏற்றிக்கொண்டு கையில் குடையும் கொடுத்து அனுப்பியதே, வெள்ளிக் கரண்டியைவிட அது சுவாரஸ்யமில்லையா?

போகட்டும். மறுப்போ வருத்தமோ நீங்கள் போடுவீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வேறு ஒரு காரியத்துக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். ‘உங்கள் வீட்டுப் பழைய படங்களை அனுப்புங்கள்’ என்று உங்கள் இதழ் கேட்டிருந்தபோது ஒரு படம் அனுப்பினேன். ரஜூலா டெக்கில் இரண்டு பெட்டிகளுக்கு நடுவே அம்மா உட்கார்ந்திருப்பார், மடியில் தங்கை. பக்கத்துப் பாய்க்காரர் எடுத்து, பினாங்கு விலாசத்துக்கு அனுப்பி வைத்தது. படம் வெளிவரவும் இல்லை, திரும்பி வரவும் இல்லை. போன் செய்தால் ‘அந்தப் பகுதியைப் பார்த்துக்கொண்டவர் இப்போது இங்கே இல்லை’ என்கிறார்கள். என்னிடம் வேறு பிரதி கிடையாது.

போஸ்ட் கார்டு அளவு, கறுப்பு வெள்ளை. பின்பக்கம் நீல மையில் ‘ரஜூலா’ என்று அப்பா கையெழுத்தில் இருக்கும். பிரசுரிக்க வேண்டாம். அலமாரியில் தேடி எடுத்து அனுப்பினால் போதும். விலாசம் எழுதி, தபால்தலை ஒட்டிய உறையை இத்துடன் வைத்திருக்கிறேன். படம் மடங்காமல் இருக்க உள்ளே ஓர் அட்டையும் இருக்கிறது.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்,
நாகப்பட்டினம்