பின்னால் வருகிறவன் பொறுப்பு

ராயபுரம்,
பிப்ரவரி கடைசி வாரம்

அன்புள்ள செல்வா,

உன் கடிதம் கிடைத்தது. நலம் விசாரித்தது ரெண்டு வரி, மிச்சம் முழுக்க பனிச்சறுக்கு மலையில் உன்னைக் கடுப்பேற்றியவர்களின் பட்டியல். கனடாவில் கால்கரிக்குப் போய் இத்தனை வருஷம் ஆகியும் கோபம் மட்டும் இன்னும் நம்ம ராயபுரம் கல்மண்டபத்திலேயே இருக்குடா உனக்கு. போன வருஷம் எழுதியிருந்தால் எனக்குப் பாதி விளங்கியிருக்காது. இந்த ஜனவரியில் மகள் பிடிவாதம் பிடித்து எங்களைக் காஷ்மீரில் இருக்கிற குல்மார்க்குக்கு இழுத்துக்கொண்டு போனாள். அதனால் இதில் கருத்துச் சொல்ல எனக்கும் வாய் வந்துவிட்டது.

சறுக்குகிறவர்களை மலைமேல் ஏற்றிவிடும் கம்பிவட நாற்காலி, அதான் லிஃப்ட், அதன் வரிசையைப் பற்றி நீ எழுதியதெல்லாம் நியாயம். பின்னால் நிற்கிறவர் நம் காலில் மாட்டிய ஸ்கீ பலகையின் வால்பக்கத்தில் ஏறி நின்றால் நாம் ஓர் அடி நகர முடியாது. அவசரத்தில் காலை இழுத்தால் விழவேண்டியதுதான். பலகையும் கீறிப்போகும். பயிற்சியாளர் எங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுத்ததே முன்னால் நிற்பவரின் பலகை நீளத்துக்கு இடம் விட்டு நிற்கத்தான். அதைச் சொல்லி முடிப்பதற்குள் அந்த இடைவெளியில் ஒருத்தர் வந்து நின்றுவிட்டார் என்பது வேறு கதை. இடைவெளி என்றாலே காலி இடம் என்று நினைக்கிற ஜனங்கள்தானே நாம்.

குல்மார்க் கோண்டோலா, அதாவது கம்பிவடத்தில் தொங்கிப் போகும் பெட்டி, ரெண்டு கட்டமாக மேலே போகிறது. முதலில் கோங்டூரி, அங்கிருந்து இன்னொன்றில் அஃபர்வாட் மலை. கிட்டத்தட்ட 3,950 மீட்டர் உயரம், மூச்சு வாங்கும். பெட்டிக்கு ஆறு பேர். சறுக்க வருகிறவர்களைவிடப் பனியைப் பார்க்க வருகிற எங்களைப் போன்ற கூட்டம்தான் அதிகம். ஒரு ஆள் வரிசையில் நிற்பார். அவர் முறை வரும்போது டீக்கடையிலிருந்து அவருடைய மொத்தக் குடும்பமும் வந்து சேரும். கேட்டால் 'இடம் போட்டு வெச்சிருக்கோம்' என்பார்கள். வரிசையில் ஆளுக்குத்தான் இடம், துண்டுக்கு இல்லை என்று என் மனைவி சாரதா தமிழிலேயே சொன்னாள். அவர்களுக்குப் புரிந்ததோ இல்லையோ, ஒதுங்கினார்கள்.

உங்கள் பக்கத்தில் தனியாக வருகிறவர்களுக்கென்று தனி வரிசை இருக்கிறது என்று எழுதியிருந்தாயே, அது அருமையான ஏற்பாடு. நாலு பேர் நாற்காலியில் மூணு பேர் ஏறினால் நாலாவது இடத்துக்கு அந்த வரிசையிலிருந்து ஒருத்தர். ரெண்டு வரிசை ஒன்றாகும் இடத்தில் இதிலிருந்து ஒரு குழு, அதிலிருந்து ஒரு குழு என்று மாறி மாறி விடுவதும் அப்படித்தான். யாருடைய நல்ல குணத்தையும் நம்பாமல் கயிறு கட்டியே ஒழுங்கைக் கொண்டுவந்துவிடுகிறார்கள். கூட்ட நேரத்தில் ரெண்டு பேர் மட்டும் நாலு இடத்தையும் அடைத்துக்கொண்டு போனால் உனக்குக் கோபம் வருவதில் தப்பே இல்லை. தலைக்கு மேலே இருக்கும் தடுப்புக் கம்பியைச் சொல்லாமல் கொள்ளாமல் இறக்குகிறவர்கள் மேலும் வரட்டும். மேலே போய் இறங்கிய இடத்திலேயே நின்று கையுறை மாட்டுகிறவர்களைப் பற்றியும் எழுதியிருக்கிறாய். பின்னால் நாற்காலி வந்துகொண்டே இருக்கும், ஒருத்தர் விழுந்தால் லிஃப்டை நிறுத்துவார்கள், மொத்தப் பேரும் குளிர்காற்றில் தொங்கவேண்டும். சரி, இதுவரை உன் கட்சி.

ஆனால் சரிவில் உனக்கு முன்னால் மெதுவாகப் போன பையன் 'திடீர்னு இடது பக்கம் திரும்பிட்டான், கத்தினேன், கேட்கலை' என்று எழுதியிருக்கிறாய் பார், அங்கேதான் நான் உன்னோடு சேரமாட்டேன்.

சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு 1967-லேயே நடத்தை விதிகள் போட்டுவிட்டது. மொத்தம் பத்து. மேலேயிருந்து வருகிறவன்தான் கீழே இருக்கிறவனுக்கு ஆபத்து வராதபடி பாதையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முந்திப் போகலாம், எந்தப் பக்கமாகவும் போகலாம், ஆனால் முன்னால் போகிறவர் தெரிந்து செய்தாலும் தெரியாமல் செய்தாலும் அந்த அசைவுக்கு இடம் விட்டுத்தான் போகவேண்டும். 'தெரியாமல்' என்பதைக் கவனி. அந்தப் பையன் பயந்து திரும்பியிருக்கலாம், தடுமாறித் திரும்பியிருக்கலாம். உனக்குக் கண் முன்னால் இருக்கிறது, அவனுக்கு முதுகில் கண் இல்லை. 'இடது பக்கமா வர்றேன்!' என்று நீ கத்தியதும் என்ன கத்துகிறார்கள் என்று அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்திருப்பான். புதுசாகக் கற்கிறவனுக்குத் தலை திரும்பினால் உடம்பும் திரும்பும், உடம்பு திரும்பினால் பலகையும் திரும்பும்.

நீ கத்தியது நம் எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிக்காரர் அடிக்கிற ஹாரன்தான், வேறொன்றுமில்லை. 'ஹாரன் அடிச்சேன்ல, ஏன் ஒதுங்கலை?' ஹாரன் அடித்த நொடியில் பொறுப்பு முன்னால் போகிறவன் தலைக்கு மாறிவிடும் என்பது நம் ஊர்ச் சட்டம். பனிமலையில் அது செல்லாது. ஆஸ்திரியாவிலும் சுவிட்சர்லாந்திலும் மோதல் வழக்கு வந்தால் நீதிமன்றம் இந்தப் பத்து விதிகளை வைத்துத்தான் பார்க்கிறது. அமெரிக்காவில் நடிகை குவினெத் பால்ட்ரோ மேல் ஒருவர் போட்ட வழக்கு நினைவிருக்கா? 2016-ல் மோதல், 2023-ல் தீர்ப்பு. அத்தனை நாள் சாட்சியத்திலும் முக்கியமான கேள்வி இதுதான்: மோதும்போது கீழே இருந்தது யார், மேலேயிருந்து வந்தது யார்? கடைசியில் நடிகை மேல் தப்பில்லை என்றது ஜூரி. எதிர்வழக்கில் அவர் கேட்டது ஒரே ஒரு டாலர், அதுவும் கிடைத்தது.

புதியவர்கள் செய்கிற தப்பே இல்லை என்று சொல்லவில்லை. மேடு இறங்கும் இடத்துக்குக் கீழே, மேலேயிருந்து வருகிறவருக்குத் தெரியாத பள்ளத்தில் கும்பலாக நின்று போட்டோ எடுப்பது தப்புதான். நிற்பதென்றால் ஓரமாக நிற்கணும், மறுபடி கிளம்பும்போது மேலே பார்த்துக் கிளம்பணும். குல்மார்க்கில் எனக்கு எரிச்சல் வந்தது வேறொன்றில். பூட்ஸ் காலோடு சரிவின் நட்டநடுவில் ஏறிப் போகிறார்கள். அந்தக் கால் குழிகள் ராத்திரியில் உறைந்து, காலையில் ஸ்கீ வந்து மாட்டும். நடக்கிறவர் ஓரமாகத்தான் போகவேண்டும் என்றும் அந்தப் பத்தில் ஒன்று சொல்கிறது. ஸ்லெட்ஜ் இழுக்கிற உள்ளூர்க்காரர்கள் ஓரமாகப் போனார்கள். விதி தெரியாத நம் ஆட்கள்தான் நடுவில்.

பையில் ஸ்பீக்கர் கட்டிப் பாட்டு போட்டுக்கொண்டு சறுக்குகிறவர்களை நீ விட்டுவிட்டாய், ஆச்சரியம். பாட்டு மோசம் என்பதற்காகச் சொல்லவில்லை. பின்னால் வருகிற பலகை பனியைக் கீறும் சத்தம்தான் நமக்கு இருக்கிற ஒரே எச்சரிக்கை, அதையும் அமுக்கிவிடுகிறார்கள்.

அங்கே எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு வழக்கத்தையும் சொல்லணும். ஒரு பெண் விழுந்து முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். முன்பின் தெரியாத ஒருத்தர் தன் ரெண்டு ஸ்கீயையும் கழற்றி, அவளுக்கு மேல்பக்கத்தில் பெருக்கல் குறி மாதிரிப் பனியில் நட்டு வைத்தார். மேலேயிருந்து வருகிறவர்கள் அதைப் பார்த்தே விலகிப் போனார்கள். விபத்தென்றால் நின்று உதவவேண்டும் என்பதும் விதிதான், ஆனால் அவர் விதியை நினைத்தா செய்தார்?

சாரதாவுக்கு முட்டி வலி இன்னும் இருக்கிறது, மலையால் இல்லை, பழைய வலிதான். அப்புறம், ஏப்ரலில் வருகிறேன் என்றாயே, தேதி எழுது. வரும்போது மகளுக்குப் பனிக்கண்ணாடி ஒன்று வாங்கிவா, அடுத்த வருஷம் உத்தராகண்டில் இருக்கிற ஔலிக்குச் சறுக்கப் போகணுமாம். அந்தப் பையன் விஷயத்தில் இன்னும் உனக்குத்தான் நியாயம் என்று நினைத்தால் அதையும் எழுது, நேரில் சண்டை போடலாம்.

அன்புடன்,
பாலு