அந்த முடிவுகளை யார் சுமப்பது?

ஆசிரியருக்கு வணக்கம்.

கொரோனாவுக்குப் பிறகு மருத்துவப் பணியாளர்கள் வேலையை விட்டுப் போவது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வேலைப்பளு, தூக்கமின்மை, நோய் பயம் என்று காரணங்கள் சொல்லியிருந்தீர்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் அந்தக் காலம் முழுக்கத் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்த செவிலியர் என்ற முறையில், கட்டுரையில் விடுபட்டுப்போன ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும்.

சோர்வு தூங்கி எழுந்தால் குறையும். ஒரே வென்டிலேட்டருக்கு இரண்டு பேர் காத்திருந்து, ஒருவருக்கு மட்டும் அது கிடைத்தபோது, மற்றவர் பக்கத்தில் போய் நின்றோமே, அது எத்தனை நாள் தூங்கினாலும் போவதில்லை. வேறொரு சமயமாக இருந்திருந்தால் அவரைக் காப்பாற்றியிருக்கலாம் என்பது எங்களுக்குத் தெரியும். சாகக் கிடக்கும் அம்மாவைப் பார்க்க வந்த பிள்ளைகளை வெளியிலேயே நிறுத்திவிட்டு, செல்போனை அந்த அம்மாவின் முகத்தருகே பிடித்துக்கொண்டிருந்தோம். தொற்று பரவாமலிருக்கப் போட்ட விதி அது. அறிவுக்குப் புரிந்தது. ஆனாலும் "சிஸ்டர், ஒரே ஒரு நிமிஷம்" என்று கெஞ்சியவர்களிடம் முடியாது என்று சொல்ல வேண்டியிருந்தது, விதியைப் போட்டவர்களுக்கு அல்ல, எங்களுக்கு.

வியட்நாம் போரிலிருந்து திரும்பிய அமெரிக்க வீரர்களுக்குச் சிகிச்சை அளித்த மனநல மருத்துவர் ஜோனதன் ஷே, 1990களில் இதை அறக்காயம் என்ற பொருளில் 'மாரல் இஞ்சுரி' என்று எழுதினார். சரியானதைச் செய்ய வேண்டிய மேலிடமே அதைக் கைவிட்டதுதான் அந்த வீரர்களை உள்ளுக்குள் அரித்தது என்றார். 2009இல் அமெரிக்க உளவியலாளர் பிரெட் லிட்ஸும் அவரது குழுவினரும் இதை இன்னும் விரித்தார்கள். தப்பென்று தெரிந்ததைச் செய்ய நேர்வது மட்டுமல்ல, தடுக்க முடியாமல் போவதும், கண்ணெதிரே நடப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பதும்கூட இந்தக் காயத்தை உண்டாக்கும். கொரோனா வார்டில் மூன்றும் ஒரே ஷிப்ட்டில் நடந்தன.

எங்களுக்காகக் கைதட்டினார்கள். அப்புறம் மூச்சுப் பயிற்சி வகுப்பு வைத்தார்கள். நல்லெண்ணத்தில் செய்ததுதான். ஆனால் படுக்கையும் ஆட்களும் பாதுகாப்பு உடையும் போதாமல் போனது ஒரு செவிலியரின் மனபலம் குறைந்ததால் அல்ல. வகுப்புக்கு மட்டும் எங்களை அனுப்பினால், குறை எங்களிடம்தான் என்று சொல்வதாகிறது.

2020 மார்ச்சில் இத்தாலியின் மயக்கவியல், தீவிர சிகிச்சை மருத்துவர்கள் சங்கம், யாருக்குத் தீவிர சிகிச்சை என்பதற்கு எழுத்துப்பூர்வமான வழிகாட்டுதலை வெளியிட்டது. அதில் வயதைக் கணக்கில் எடுத்தது பற்றிப் பெரிய விவாதம் நடந்தது. நடக்க வேண்டிய விவாதம்தான். ஆனால் முடிவெடுக்கும் பாரத்தில் ஒரு பங்கையாவது தனி மருத்துவரின் தோளிலிருந்து இறக்குவதும் தங்கள் நோக்கம் என்று அவர்கள் வெளிப்படையாகச் சொன்னார்கள். எங்களில் பலருக்கு அதுகூடக் கிடைக்கவில்லை.

அடுத்த கட்டுரையில் மருத்துவமனை நிர்வாகிகளிடம் நீங்கள் கேட்க வேண்டியவை இவை: நாளைக்கே இன்னொரு தொற்று வந்தால், ஒரு வென்டிலேட்டர் யாருக்கு என்பதைக் கட்டிலருகே நிற்பவர் தனியாகத் தீர்மானிக்க வேண்டுமா, அல்லது அதற்கென்று ஒரு குழு இருக்குமா? அந்த முடிவில் யார் கையெழுத்துப் போடுவார்கள்? அதை நோயாளியின் வீட்டாரிடம் நேரில் வந்து சொல்லப்போவது யார்?

இப்படிக்கு,
ஒரு தீவிர சிகிச்சைப் பிரிவுச் செவிலியர்