வலி போனதும் ஆட விடாதீர்கள்

ஆசிரியருக்கு,

வியாசர்பாடி, புளியந்தோப்பு கால்பந்துப் பயிற்சியாளர்கள் கவனத்துக்கு: தொடையின் பின்தசை லேசாகக் கிழிந்தாலே ஆற 2, 3 வாரம் ஆகும். வலியோ சில நாளில் போய்விடும். அதை நம்பி இறக்கினால், முழு வேகத்தில் ஓடும்போது அதே இடம் மறுபடி கிழிகிறது. மெதுவோட்டம், முக்கால் வேகம், பிறகே முழு வேகம். முழங்கால் மூட்டுக்குள் எலும்புகளை இணைக்கும் ஏசிஎல் என்ற நாரில் அறுவை சிகிச்சை என்றால் 9 மாதத்துக்கு முன் ஆட்டம் கூடாது.

தலையில் அடிபட்டால்தான் பெரிய பயம். ஆஸ்திரேலிய வகைக் கால்பந்தின் முதல்நிலை லீக்கான ஏஎஃப்எல் போட்டிகளில் மூளை அதிர்ச்சி கண்ட வீரர் குறைந்தது 12 நாள் ஆட முடியாது. இங்கே முகத்தில் தண்ணீர் தெளித்து அடுத்த பாதியிலேயே இறக்குகிறார்கள்! வாந்தி, குழறும் பேச்சு, கூடிக்கொண்டே போகும் தலைவலி இருந்தால் ஆட்டத்தை விட்டுவிட்டு நேரே ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

கால்பந்துப் பயிற்சியாளர்கள் சிலர்,
வியாசர்பாடி, சென்னை-39