சூயஸ் நூலுக்குத் துணை நின்றவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

1956 ஜூலை 26 அன்று பிரிட்டனும் பிரெஞ்சுக்காரர்களும் பெரும்பங்கு வைத்திருந்த சூயஸ் கால்வாய் நிறுவனத்தை எகிப்து அரசு நாட்டுடைமையாக்கிய வரலாற்றை, மாணவர்களும் படிக்கும்படி தமிழில் ஒரு சிறு நூலாக எழுதி முடித்திருக்கிறேன். அட்டையில் என் பெயர் மட்டுமே இருக்கிறது. உள்ளே இருக்கும் பிறர் உழைப்பைப் பொதுவில் சொல்லி நன்றி கூறுவது என் கடமை.

அலெக்சாந்திரியாவில் அதிபர் நாசர் ஆற்றிய உரையை வரிவரியாகப் பொருள் சொல்லித் தந்தவர் அரபி கற்ற நண்பர். கால்வாயை வெட்டிய தெ லெசெப்ஸின் பெயர் அவ்வுரையில் வந்ததும் பொறியாளர் மஹ்மூத் யூனிஸ் தலைமையிலான குழுவினர் நிறுவன அலுவலகங்களுக்குள் நுழைய வேண்டும் என்பது முன்னேற்பாடு. நாசர் பேசிக்கொண்டிருந்தபோதே அது நடந்தேறியது.

பழைய நாளிதழ்த் தொகுப்புகளைத் தூசி தட்டி எடுத்துத் தந்த நூலகப் பணியாளர்களுக்கும் என் நன்றி. நைல் நதியில் எகிப்து கட்டத் திட்டமிட்டிருந்த அசுவான் உயரணைக்கு உதவ முடியாதென அமெரிக்கா கைவிரித்தது ஜூலை 19 அன்று என்பதால், நாசரின் முடிவு ஒரு வாரக் கோபத்தில் பிறந்தது என்றே பலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1875இல் கடன் சுமை தாங்காமல் எகிப்தை ஆண்ட கெதீவ் இஸ்மாயில் கால்வாய் நிறுவனத்தில் இருந்த தம் பங்குகளைப் பிரிட்டனுக்கு விற்ற நாளிலிருந்தே, தன் மக்கள் கட்டாய உழைப்பால் தோண்டிய கால்வாயின் வருவாயில் பெரும்பகுதி வெளிநாடுகளுக்குப் போவதை எகிப்து பார்த்துக்கொண்டிருந்தது. ஆகஸ்டில் நடந்த லண்டன் மாநாட்டில், கால்வாயைப் பன்னாட்டு வாரியத்திடம் ஒப்படைக்கும் திட்டத்தைப் பதினெட்டு நாடுகள் ஏற்றபோது, இந்தியா, இலங்கை, இந்தோனேசியா, சோவியத் ஒன்றியம் ஆகிய நான்கும் ஏற்க மறுத்த செய்தியையும் அந்தத் தொகுப்புகளில்தான் படித்தேன்.

தூத்துக்குடியைச் சேர்ந்த ஓய்வுபெற்ற கப்பல் தலைவர் ஒருவருக்கு நான் பெரிதும் கடன்பட்டிருக்கிறேன். செப்டம்பர் நடுவில் கப்பல்களைக் கால்வாய் வழியே நடத்திச் செல்லும் வெளிநாட்டுப் பைலட்டுகளில் பெரும்பாலோர் ஒரே இரவில் வேலையை விட்டு வெளியேறினார்கள் என்ற ஒற்றை வரியோடு நான் கடந்துபோக இருந்தேன். அவர் ஒரு தாளில் கால்வாயை வரைந்து, அந்த வரியின் கனத்தை எனக்குப் புரியவைத்தார். குறுகிய நீரில் கப்பல் ஒரு கரையை நெருங்கிவிட்டால், அதன் பின்பகுதி அந்தக் கரையை நோக்கி இழுபடும். முன்பகுதி எதிர்க்கரைப் பக்கம் திரும்பும். சுக்கானைத் திருப்பச் சிறிது தாமதித்தாலும் கப்பல் குறுக்கே நின்று வழியை அடைத்துவிடும். இதை அறிந்த பைலட்டுகள் இல்லாமல் எகிப்தால் கால்வாயை நடத்தவே முடியாது என்று லண்டனும் பாரிசும் நம்பியிருந்தன. எகிப்தியப் பைலட்டுகளும், உடன் தங்கிய கிரேக்கர்களும், பின்னர் வந்து சேர்ந்த பிற நாட்டவரும் ஓய்வின்றி முறை மாற்றிக் கப்பல்களைக் கால்வாய் வழியே நடத்திச் சென்றார்கள். போக்குவரத்து நிற்கவில்லை. நாட்டுடைமையின் உண்மையான வெற்றி அந்த வாரங்களில் கிடைத்தது என்றே நான் கருதுகிறேன். நூலின் மிக நீண்ட இயல் அதற்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது.

அக்டோபர் 29 அன்று இஸ்ரேலும் அதைத் தொடர்ந்து பிரிட்டனும் பிரான்சும் தொடுத்த போர், மூழ்கடிக்கப்பட்ட கப்பல்களால் கால்வாய் அடைபட்டது, 1957 ஏப்ரலில் அது மீண்டும் திறக்கப்பட்டது ஆகியவற்றின் கால வரிசையைச் சரிபார்த்த வரலாற்று ஆசிரியைக்கும், மெய்ப்புப் பார்த்த தம்பிக்கும் நன்றி.

கையெழுத்துப் படியைப் படித்த பள்ளி மாணவி ஒருவர், "பங்கு வைத்திருந்தவர்களுக்குப் பணம் கொடுத்தார்களா, ஐயா?" என்று கேட்டார். நான் எழுதாமல் விட்டிருந்த பகுதி அது. உலக வங்கியின் முயற்சியால் 1958இல் உடன்பாடு ஏற்பட்டு, 2 கோடியே 83 லட்சம் எகிப்திய பவுண்டுகளைத் தவணைகளில் தர எகிப்து ஒப்புக்கொண்ட விவரம் இப்போது கடைசி இயலாகச் சேர்ந்திருக்கிறது. அந்த இயல் அம்மாணவியால் வந்தது. அவருக்கு என் அன்பும் நன்றியும்.

இப்படிக்கு,
நூலாசிரியர்