நூலக ஆணையில் மின்கோப்பையும் கேட்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிறவியிலேயே பார்வையற்ற நான், அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் தமிழாசிரியராகப் பணியாற்றுகிறேன். சென்ற மாதம் புறநானூற்று உரைநூல் ஒன்றைப் பதிப்பகம் ஒன்றின் இணையதளத்தில் பணம் செலுத்தி பிடிஎஃப் வடிவில் வாங்கினேன். திரையில் உள்ள எழுத்தை உரக்கப் படித்துக்காட்டும் மென்பொருளான என்விடிஏ திரைவாசிப்பானைக் கொண்டு அதைப் படிக்க முயன்றபோது பொருளற்ற ஒலிகளே வந்தன. எழுத்தெழுத்தாக நகர்த்திக் கேட்டதில், ஓரிடத்தில் ‘ஜே, கே, பி, ஓ, செமிகோலன்’ என்றது. எனக்குப் பழகிய ஒலிதான். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் ‘தமிழ்’ என்று வர அந்த ஐந்து விசைகளைத்தான் தட்ட வேண்டும். பார்ப்பவர் கண்ணுக்குத் திரையில் ‘தமிழ்’ என்றே தெரியும் அந்தச் சொல், கோப்புக்குள் வெறும் ஆங்கில எழுத்துகளாகவே கிடக்கிறது. பதிப்பகத்தாரிடம் தொலைபேசியில் முறையிட்டேன். “எங்கள் கணினியில் நன்றாகத்தானே தெரிகிறது, சார்?” என்று உண்மையான வியப்போடு கேட்டார்கள்.

குறை வாசிப்புக் கருவியில் இருப்பதாகவே பலரும் எண்ணுகிறார்கள். ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. 2009-இல் வெளிவந்த இரண்டாம் கிண்டில் மின்னூல் வாசிப்புக் கருவி நூலை உரக்கப் படித்துக் காட்டும் என்றபோது, அமெரிக்க எழுத்தாளர் சங்கம் ஒலிநூல் உரிமை பறிபோவதாக எதிர்த்தது. அந்த வசதியை நூல்தோறும் முடக்கும் அதிகாரம் பதிப்பாளர் கைக்குப் போனது. இன்றோ சாதாரணக் கைப்பேசியிலேயே தமிழ்க் குரலை நிறுவிக்கொள்ளலாம்; எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான குறியீடாகிய ஒருங்குறியில் (யூனிகோட்) அமைந்த, ஈபப் என்னும் மின்னூல் வடிவிலான நூலைத் தடையின்றிக் கேட்கலாம். பழந்தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாக வழங்கும் மதுரைத் திட்டத்தின் தன்னார்வலர்கள் ஒருங்குறியில் ஏற்றிவைத்த சங்க நூல்களை நான் அப்படித்தான் படிக்கிறேன். கைம்மாறு கருதாதவர்கள் செய்த வேலை எனக்குப் பயன்படுகிறது, விலை கொடுத்து வாங்கிய நூல் பயன்படவில்லை.

நம் அச்சுக்கோப்புக் கூடங்கள் பலவற்றில் இன்னமும் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருள்தான் ஓடுகிறது. அந்த மென்பொருளுக்கு ஒருங்குறி தெரியாது. ஆகவே ஆளுக்கோர் எழுத்துரு, ஆளுக்கொரு குறியீடு. ஒருங்குறியையும் தமிழுக்கென்றே அமைந்த டேஸ்-16 குறியீட்டு முறையையும் தமிழ்நாடு அரசு 2010-லேயே தரமாக அறிவித்தும் பழைய வழக்கம் தொடர்கிறது. பக்கங்களைப் படமெடுத்து மின்னூல் என்று வெளியிடுவது இன்னொரு வகை. படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் மென்பொருள்கள் வந்துவிட்டாலும், காலும் ரகரமும் அவற்றுக்குக் குழம்புகின்றன. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய எழுத்து வடிவங்களைக் கண்டால் திணறிப்போகின்றன. ‘கால்’ என்பது ‘கரல்’ என்று ஒலித்தால் உரைநடையில் ஊகித்துக்கொள்ளலாம். செய்யுளில் என்ன செய்வது?

சட்டம் எங்கள் பக்கம்தான் இருக்கிறது. 2012-இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம், மாற்றுத்திறனாளிகள் படிக்கத்தக்க வடிவுக்கு நூலை மாற்றுவது உரிமை மீறலாகாது என்கிறது. பார்வையற்றோருக்கான மராகேஷ் உடன்படிக்கையை 2014-இல் உலகிலேயே முதலாவதாக ஏற்று உறுதிசெய்ததும் இந்தியாதான். ஆனால் மாற்றிக்கொள்ளும் உரிமை என்பது, நடைமுறையில், மாற்றும் உழைப்பையும் வாசகன் தலையிலேயே கட்டிவிடுகிறது. பதிப்பாளரின் கணினியில் எழுத்தாக இருப்பதை, நான் அச்சுநூலாக வாங்கி, யாரையாவது கெஞ்சி ஒளிவருடி, பிழை திருத்தி, மறுபடியும் எழுத்தாக்க வேண்டியிருக்கிறது. முந்நூறு பக்க நூலுக்கு ஒரு கோடை விடுமுறை போய்விடும்.

கோப்பைக் கொடுத்தால் திருட்டுப் பதிப்பு பெருகும் என்று பதிப்பாளர்கள் அஞ்சுகிறார்கள். அவர்கள் கவலையை நான் சிறிதாக எண்ணவில்லை. தமிழ்ப் பதிப்பாளர் யாரும் பெருஞ்செல்வர் அல்லர். ஆயினும், அச்சுநூலைப் படமெடுத்து டெலிகிராமில் சுற்றவிடுபவருக்கு எந்தக் கோப்பும் தேவைப்படுவதில்லை என்பதை அவர்களும் அறிவார்கள்.

ஆகவே அரசிடம் ஒரே ஒரு வேண்டுகோள். பொது நூலகத் துறை நூல்களைக் கொள்முதல் செய்யும்போது, அச்சுப் படிகளோடு ஒருங்குறியில் அமைந்த ஈபப் கோப்பு ஒன்றையும் ஒப்படைக்க வேண்டும் என்பதை நூலக ஆணையின் நிபந்தனையாகச் சேர்க்க வேண்டும். சிறு பதிப்பகங்களுக்கு எழுத்துரு மாற்றும் செலவை ஈடுசெய்ய, விலையில் சிறு தொகை கூட்டித் தரலாம். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பார்வையற்றோருக்கென்று பிரெய்ல் பிரிவு ஏற்கெனவே இருக்கிறது. கோப்புகளை அங்கே பாதுகாத்து, மாற்றுத்திறனாளி அடையாள அட்டை உள்ள உறுப்பினர்களுக்கு மட்டும் வழங்கினால், பதிப்பாளரின் அச்சத்துக்கும் இடமிராது. முதற்கட்டமாக, கல்லூரிகளில் பாடமாக உள்ள நூல்களிலிருந்தாவது இதைத் தொடங்கலாம். நான் வாங்கிய அந்த உரைநூல் அப்படிப்பட்ட நூல்களில் ஒன்று.

இப்படிக்கு,
பார்வையற்ற தமிழாசிரியர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி.